மாதவிடாய்ச் சுழற்சியும் ஓட்டப் பயிற்சியும்: குறிப்பேட்டின் முதல் பக்கத்திலிருந்து போட்டி நாள் வரை

இந்த வழிகாட்டி, பள்ளி, கல்லூரி அளவில் 400 மீட்டர் முதல் 3000 மீட்டர் வரை ஓடும் பெண்களுக்கும் அவர்களுடைய பயிற்சியாளர்களுக்கும் எழுதப்பட்டது. கபடி, வாலிபால், பளுதூக்குதல் என்று வேறு விளையாட்டில் இருப்பவர்கள் ஓட்ட நேரத்துக்குப் பதிலாகத் தங்கள் விளையாட்டின் அளவை வைத்துக்கொள்ளலாம். வேலையின் வரிசை மாறாது.

அந்த வரிசையில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கைப்பேசிச் செயலி காட்டும் வண்ணச் சக்கரத்தைப் பார்த்து, இந்த வாரம் பலம் கூடும், அடுத்த வாரம் குறையும் என்று நம்பி, முதல் நாளிலேயே பயிற்சி அட்டவணையை மாற்றிவிடுகிறார்கள். 2020-இல் 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வுக்கட்டுரை, இரத்தப்போக்கின் தொடக்க நாள்களில் செயல்திறன் மிகச் சிறிதளவு குறையக்கூடும் என்றும், ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் பெரிதும் வேறுபடுவதால் எல்லோருக்குமான விதியை வகுக்காமல் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றும் முடித்தது. ஆகவே முதலில் பதிவு, பிறகு வாசிப்பு, அதன் பிறகே மாற்றம்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

கோடு போட்ட ஒரு நீள நோட்டு, விநாடி காட்டும் கடிகாரம், முடிந்தால் இரண்டு தசம இடம் வரை காட்டும் டிஜிட்டல் வெப்பமானி. பொருள்கள் இவ்வளவே. இவற்றைவிட முக்கியமானது, நோட்டு யாருடையது என்பதைத் தொடங்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்வது.

நோட்டு அந்தப் பெண்ணுடையது. நம் மைதானங்களில் பயிற்சியாளர் பெரும்பாலும் ஆண். "காய்ச்சல் சார்" என்று சொல்லிவிட்டு மாதம் இரண்டு நாள் வராமல் இருக்கும் பெண்களை எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தால், எழுதுவது பொய்யாகிவிடும். பயிற்சியாளருக்குச் சுழற்சியின் நாள் எண், அன்றைய சோர்வு மதிப்பெண், பயிற்சியை மாற்ற வேண்டுமா என்ற ஒரு சொல் ஆகியவை மட்டும் தெரிந்தால் போதும். மற்றதைப் பேசுவதற்கு உடற்கல்வி ஆசிரியையோ, அணியில் மூத்த ஓர் அக்காவோ இருக்கட்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் அம்மாவிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. "அந்த மூன்று நாளும் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மாதவிடாய் நாள்களில் ஓடுவதால் கருப்பைக்குக் கேடு எதுவும் இல்லை என்பதை நேரில், பொறுமையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒளித்து எழுதும் நோட்டு ஒரு மாதத்தைத் தாண்டாது.

2. பதிவுக்கு முன் விலக்க வேண்டிய மூன்று நிலைகள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். கீழே உள்ள மூன்றில் ஒன்று இருந்தால், சுழற்சியைக் குறித்து வைப்பதால் பயனில்லை. முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மாதவிடாய் வராமல் இருப்பது. 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணும், ஒழுங்காக வந்துகொண்டிருந்து தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போன பெண்ணும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயது வந்தவர்களுக்கு 21 முதல் 35 நாள்கள் வரையிலும், பூப்பெய்திய பின் வரும் சில ஆண்டுகளில் 45 நாள்கள் வரையிலும் சுழற்சி நீள்வது இயல்பு. அதற்கு மேல் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனால் காரணம் தேட வேண்டும்.

"கடுமையாக ஓடுகிறாள், அதனால் நின்றுவிட்டது, நல்லதுதான், தொல்லையில்லை" என்று பயிற்சியாளர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தத் துறையில் இதைவிடக் கேடு செய்யும் சொல் வேறில்லை. கர்ப்பம், தைராய்டு, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) போன்ற காரணங்கள் இல்லையென்றால், ஓடும் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பதன் பொருள் பெரும்பாலும் ஒன்றே: செலவாகும் ஆற்றலுக்கு ஏற்ற சாப்பாடு இல்லை. உடல் அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் குறைகிறது, எலும்பு மெலிந்து கெண்டைக்கால் எலும்பிலும் பாத எலும்பிலும் மயிரிழை முறிவு வருகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்கு RED-S என்று தனிப் பெயர் கொடுத்து அறிக்கை வெளியிட்டது; 2018-இலும் 2023-இலும் அதை விரிவாக்கியது.

கணக்கு எளிது. பயிற்சியில் செலவானதைக் கழித்தபின் உடலுக்கு மிஞ்ச வேண்டியது, கொழுப்பு நீங்கலான எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோகலோரி; 30-க்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் ஆபத்து கூடுகிறது. 50 கிலோ எடையில் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ உள்ள பெண்ணுக்கு 1800 மிஞ்ச வேண்டும். காலை, மாலைப் பயிற்சியில் 600 செலவானால் அவள் 2400 சாப்பிட வேண்டும். காலையில் வெறும் டீயும் பிஸ்கட்டும், மதியம் விடுதிச் சாப்பாடு அரைத்தட்டும் என்றால் அந்த எண் எட்டாது. இவை நோயைக் கண்டறியும் கோடுகள் இல்லை. எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று பார்க்க உதவும் அளவுகோல் மட்டுமே.

இரண்டாவது, இரும்புச்சத்துக் குறைவு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழ் என்றால் இரத்தசோகை. அது 12-க்கு மேல் இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்து ஓட்டம் தளர்வது உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைவது, ஏழு நாளுக்கு மேல் போவது, பெரிய கட்டிகளாகப் போவது ஆகியவை மிகைப்போக்கின் அறிகுறிகள். இவற்றுக்கும் மருத்துவர் தேவை. இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபியைத் தவிர்க்க வேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா உடன் சேர்ந்தால் உடல் நன்றாக ஏற்கும்.

மூன்றாவது, ஹார்மோன் மாத்திரைகள். கருத்தடை மாத்திரையையோ பி.சி.ஓ.டி.க்காகக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையையோ சாப்பிடுபவருக்கு மாதந்தோறும் வருவது, மாத்திரையை நிறுத்துவதால் வரும் இரத்தப்போக்கு. அதை வைத்துக் கீழே சொல்லும் பகுதிகளைப் பிரிக்க முடியாது. மாதவிடாய் வருவதால் சாப்பாடு போதுமானதாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

3. முதல் நாளைச் சரியாகக் குறித்தல்

நாப்கின் தேவைப்படும் அளவுக்குப் போக்கு தொடங்கும் நாளே 1-ஆம் நாள். முந்தின நாள் லேசாகக் கறை பட்டிருந்தால், அதை "கறை" என்று எழுதலாம். 1 என்று எண் போடக் கூடாது.

நம் வீடுகளில் நினைவில் நிற்பது தலைக்குக் குளித்த நாள்தான். அம்மா நாட்காட்டியில் வட்டம் போட்டிருப்பதும் பெரும்பாலும் அந்த நாளையே. அது மூன்றாம் நாளாகவோ ஐந்தாம் நாளாகவோ இருக்கும். வீட்டுக்கு வீடு மாறும். அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் அடுத்து வரும் எல்லாக் கணக்கும் நழுவிவிடும். எனவே பழைய தேதிகளை நினைவிலிருந்து எழுத வேண்டாம். அடுத்த 1-ஆம் நாள் வரும்வரை காத்திருந்து தொடங்குங்கள்.

4. தினமும் எழுத வேண்டியவை

காலையில் படுக்கையை விட்டு எழும் முன்: நாடித்துடிப்பு முழு அறுபது விநாடிக்கு, வெப்பநிலை, தூங்கிய மணி நேரம். எழுந்து நடந்தபின் எடுத்த நாடியும் வெப்பமும் பயன்படாது.

போக்கு உள்ள நாள்களில் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை, வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்.

பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தப் பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி எழுத வேண்டும்: 60 நிமிடம், கடினம் 6 என்றால் 360. ஓடி முடித்த கையோடு கேட்டால் கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்புதான் மதிப்பெண்ணாக வரும். அதனால்தான் அரை மணி நேர இடைவெளி.

வாரம் இருமுறை ஒரே அளவுகோல் ஓட்டம். நாங்கள் 4×200 மீட்டரை, இடையில் மூன்று நிமிட ஓய்வுடன், ஒரே தடத்தில், ஒரே வேளையில் ஓடவைக்கிறோம். உணர்வை மட்டும் எழுதினால் நம்பிக்கைதான் பதிவாகும். கடிகாரமும் உணர்வும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பது தெரியும்.

அன்றைய வரியின் கடைசிக் கட்டத்தில் வேறு காரணங்கள்: தேர்வு, இரவுப் பயணம், சளி, விரதம், வீட்டில் விசேஷம். இதை எழுதாமல் விட்ட நோட்டுகளைப் பிறகு படிக்கவே முடிவதில்லை.

5. சுழற்சியை இரண்டாகப் பிரித்தல்

நான்கு, ஐந்து கட்டங்களாகப் பிரிக்கும் படங்கள் மைதானத்தில் தேவையில்லை. கருமுட்டை வெளிப்படுவதற்கு முந்திய பாதி, பிந்திய பாதி என்ற இரண்டே போதும். முந்திய பாதியில் ஈஸ்ட்ரோஜென் ஏறிச் செல்கிறது. பிந்திய பாதியில் புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் கூடுகிறது. இரண்டும் கடைசி நாள்களில் இறங்கும்போது மாதவிடாய் வருகிறது.

எல்லோருக்கும் 14-ஆம் நாளில் கருமுட்டை வெளிப்படும் என்று எண்ணுவது பரவலான தவறு. முட்டை வெளிப்பட்டதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையிலான நாள்கள்தான் ஓரளவு நிலையானவை. அவை சுமார் 14. ஆகவே 28 நாள் சுழற்சியில் 14-ஆம் நாளை ஒட்டியும், 34 நாள் சுழற்சியில் 20-ஆம் நாளை ஒட்டியும் அது நிகழும். காலை வெப்பநிலை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, மூன்று நாளாவது அங்கேயே நின்றால் பிந்திய பாதி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் முட்டை வெளிப்படாமலேயே மாதவிடாய் வருவதும் உண்டு. அப்போது வெப்பம் ஏறாது, பிரிக்கவும் பிந்திய பாதி என்று ஒன்று இருக்காது.

பிந்திய பாதியில் காலை நாடி சில துடிப்புகள் கூடுவது இயல்பு. இதை அறியாத பயிற்சியாளர், அதிகப் பயிற்சியால் வந்த களைப்பு என்று எண்ணி ஓய்வு கொடுத்துவிடுகிறார். நாடியை எப்போதும் அதே பாதியின் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். உடல்வெப்பம் ஏறியிருக்கும் இந்த நாள்களில், சித்திரை வைகாசி வெயிலிலும் கடற்கரை ஊர்களின் புழுக்கத்திலும் நீண்ட ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்றுவதும் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதும் நல்லது.

6. மூன்று சுழற்சிகளுக்குப் பிறகு வாசித்தல்

ஒரு மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று சுழற்சிகளை ஒரே தாளில், 1-ஆம் நாளுக்கு நேராக 1-ஆம் நாள் வருமாறு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறகு இன்னொரு தாளில், மாதவிடாய்க்கு முந்தின நாளை −1, அதற்கு முந்தினதை −2 என்று பின்னோக்கி எண்ணி எழுதுங்கள். சுழற்சியின் நீளம் மாதத்துக்கு மாதம் மாறுவதால், முன்னோக்கி மட்டும் எண்ணினால் கடைசி வார மாற்றங்கள் சிதறிப்போய்க் கண்ணில் படாது. இந்த இரண்டாவது தாளை யாரும் தானாகப் போடுவதில்லை. ஆனால் விடை அங்கேதான் கிடைக்கிறது.

என்னிடம் 800 மீட்டர் ஓடிய 17 வயதுப் பெண் ஒருத்தி, முதல் இரண்டு நாளும் தன்னால் ஓடவே முடியாது என்று உறுதியாக நம்பினாள். நாங்களும் அந்த நாள்களில் ஓய்வு கொடுத்து வந்தோம். பதிவுக்காக மட்டும் 2-ஆம் நாளில் 4×200 ஓடச் சம்மதித்தாள். மூன்று மாதங்களில் அந்த நாளின் சராசரி 33.8, 34.1, 33.6 விநாடிகள், மற்ற நாள்களில் அவள் ஓடியது 33.5-க்கும் 34-க்கும் இடையில். வேறுபாடு என்று சொல்ல ஏதுமில்லை. பின்னோக்கி எண்ணிய தாளிலோ −3 முதல் −1 வரை மூன்று மாதமும் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குள் இருந்தது. வழக்கமாக 6 என்று சொல்லும் பயிற்சிக்கு 8 போட்டிருந்தாள். அவளுடைய கடினமான பயிற்சி மூன்றில் இரண்டு மாதம் −2-ஆம் நாளில்தான் விழுந்திருந்தது. தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் தப்பான நாளைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

இன்னொருத்திக்கு இதற்கு நேர்மாறாக இருக்கலாம். வலியோடு சாதித்தவர்களும் உண்டு: பிரிட்டன் ஓட்டவீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2002-இல் சிகாகோ மாரத்தானில் 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் உலக சாதனை படைத்தபோது தனக்கு மாதவிடாய் வலி இருந்ததாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். அதை எடுத்துக்காட்டி, வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணை ஓடச் சொல்வது அநியாயம்.

மூன்றில் இரண்டு மாதமாவது திரும்ப வந்து, அந்த நாள்களில் வேறு காரணக் கட்டம் காலியாகவும் இருப்பதை மட்டும் வட்டமிடுங்கள். வட்டமே விழாத தாள்களும் உண்டு. அப்படியானால் அட்டவணையை மாற்றத் தேவையில்லை. அதுவும் தெளிவான விடைதான்.

7. ஒரு வேளையில் ஒரே மாற்றம்

வட்டமிட்ட நாளில் கடினமான பயிற்சி இருந்தால் அதை ஓரிரு நாள் தள்ளி வையுங்கள், நீக்கிவிடாதீர்கள். ஆண்டுக்குச் சுமார் 13 சுழற்சிகள் என்றால், ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் விட்டால் 26 நாள் போகிறது. 800 மீட்டர் ஓடும் பெண்ணுக்கு இது ஒரு மாதப் பயிற்சி.

அந்த ஒரு மாற்றத்தை அடுத்த இரண்டு சுழற்சிகள் வைத்திருந்து பாருங்கள். பயிற்சி நாள், உணவு, தூக்கம், வலி மாத்திரை எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முந்திய பாதியில் மட்டும் எடை தூக்கினால் தசை கூடும் என்பதற்கும், குறிப்பிட்ட நாள்களில் மூட்டுத் தசைநார் அறும் என்பதற்கும் அட்டவணையை மாற்றும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை. குதித்து இறங்குதல், திசை மாற்றுதல், சமநிலை ஆகியவற்றுக்கான உடற்பயிற்சிகளை எல்லா நாளும் செய்யுங்கள். காயத்தைத் தடுப்பது அதுதான்.

8. போட்டித் தேதியைக் கணக்கிடுதல்

இங்கே ஒற்றைத் தேதியை நம்பக் கூடாது; ஓர் இடைவெளியாகத்தான் கணக்கிட வேண்டும். ஒருத்தியின் கடந்த சுழற்சிகள் 27 முதல் 31 நாள் வரை மாறியிருக்கின்றன, கடைசி 1-ஆம் நாள் செப்டம்பர் 22 என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அக்டோபர் 19-க்கும் 23-க்கும் இடையில் வரும். போட்டி அக்டோபர் 18 என்றால், அன்று அவள் −1 முதல் −5 வரை ஏதோ ஒரு நாளில் இருப்பாள். அவளுக்குத் தொல்லை −3-இல் தொடங்குமானால், தூக்கத்தைக் காக்கும் ஏற்பாடுகளை அந்த வாரம் முழுக்கச் செய்ய வேண்டும்: இரவுப் பேருந்தைத் தவிர்த்து ஒரு நாள் முன்னதாகப் போவது, இரவு எட்டு மணிக்குள் உணவு, மாலைக்குமேல் காபி வேண்டாம் என்பது.

எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். மாதவிடாயை ஒட்டிய நாள்களில் நீர் தேங்கி அரைக் கிலோ, ஒரு கிலோ கூடுவது பலருக்கு உண்டு. அதைக் கொழுப்பு என்று எண்ணிப் பட்டினி கிடந்து குறைப்பவர்கள் மேடையில் பலமிழந்து நிற்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு 199 கிலோ தூக்கி, ஒரு கிலோ வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். தோல்விக்கு அதுதான் காரணம் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆயினும் அவ்வளவு பெரிய மேடையிலிருந்து அவர் அதைச் சொன்னதால், நம் பெண்கள் தங்கள் பயிற்சியாளரிடம் இதைப் பேசுவது எளிதாயிற்று.

9. மாத்திரைகள்

வலிக்கு மெஃபினமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் உருவாவதை அவை தடுப்பதால், வலி உச்சத்துக்கு ஏறுவதற்கு முன், தொடக்கத்திலேயே போட்டால்தான் கேட்கும். உணவுக்குப் பிறகே சாப்பிட வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடும் நாளில் இவை சிறுநீரகத்துக்குச் சுமையாகும்.

மாதவிடாயைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டெரோன் மாத்திரையை எதிர்பார்க்கும் தேதிக்குச் சில நாள் முன்பே தொடங்க வேண்டும். போட்டிக்கு முந்தின இரவு மருந்துக்கடையில் வாங்கிப் போடுவதால் பயனில்லை. ஓடிய காலத்தில் நானும் யாரோ சொன்னார்கள் என்று ஒரு முக்கியமான போட்டிக்குத்தான் முதன்முறையாக அதைச் சாப்பிட்டேன். வயிறு உப்பி, குமட்டலோடு, வார்ம்-அப்பையே முடிக்க முடியாமல் உட்கார்ந்தேன். மருத்துவர் சம்மதித்தால், போட்டி இல்லாத ஒரு மாதத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

பி.சி.ஓ.டி.க்கும் முகப்பருவுக்கும் எழுதிக் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலாக்டோன், கருமுட்டை வளர்ச்சிக்குக் கொடுக்கப்படும் லெட்ரோசோல், குளோமிஃபின் ஆகிய மூன்றும் போட்டிக் காலத்திலும் வெளியிலும் தடை செய்யப்பட்டவை. மருத்துவரிடம் "நான் போட்டியில் ஓடுபவள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாற்று மருந்து இல்லையென்றால், தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி கேட்க வழி இருக்கிறது. மாத்திரையைத் தொடங்கும் முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

10. போட்டி நாள்

கணக்கு என்ன சொன்னாலும் பையில் நாப்கின், மாற்று உள்ளாடை, கறுப்பு நிறக் கால்சட்டை ஒன்று, பழைய செய்தித்தாள், தண்ணீர் இருக்கட்டும். பல மைதானங்களில் கழிப்பறையில் குழாய் இருக்கும், தண்ணீர் இருக்காது. மாதவிடாய்க் கப் பயன்படுத்த விரும்புபவர்கள் பயிற்சி நாள்களில் இரண்டு, மூன்று சுழற்சிகள் பழகிய பிறகே போட்டிக்குக் கொண்டுவர வேண்டும்.

அணிச் சீருடைக்கு வெள்ளைக் கால்சட்டை என்றால், அணித் தலைவியும் பயிற்சியாளரும் சேர்ந்து நிறத்தை மாற்றக் கேளுங்கள். முழு வெள்ளை உடைக்குப் பெயர்போன விம்பிள்டனே 2023 முதல் பெண்கள் அடர்நிற உள்கால்சட்டை அணிய அனுமதிக்கிறது. கறை படுமோ என்று பின்னால் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் கவனம் ஓட்டத்தில் இருக்காது.

வலி இருந்தால் வார்ம்-அப்பை வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்கி, மெதுவோட்டத்தை நீட்டி, அடிவயிற்றுக்கு வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுக்கலாம். ஓடி முடித்தபின் மைதானத்தைவிட்டுக் கிளம்பும் முன், வெற்றியோ தோல்வியோ, அன்றைய வரியை நிரப்பிவிடுங்கள்: நாள் எண், தூக்கம், வலி, ஓடிய நேரம். இரவு வீடு திரும்பி எழுதும்போது, பதக்கம் கிடைத்தவள் வலியைக் குறைத்தும் கிடைக்காதவள் கூட்டியும் எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.